கிளெமானுக்கு முன்னால் ஒரு பெயர்

சார்செல், பாரிஸ் அருகில்
8 செப்டம்பர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

அனுராதா எழுதுவது. உறையில் என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போட்டிருக்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நாம் பேசி ஐந்து வருடம் ஆகிறது. போனில் கூப்பிட்டால் நீங்கள் கத்துவீர்கள், நான் அழுவேன், சொல்ல வந்த விஷயம் அப்படியே நிற்கும். கடிதம் என்றால் நான் சொல்லி முடித்த பிறகுதான் நீங்கள் கோபப்பட முடியும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் மறுமணம் செய்துகொள்ளப் போகிறேன். அவர் பெயர் இளவழகன் கிளெமான். பூர்வீகம் காரைக்கால், பிறந்து வளர்ந்தது இங்கே. நகரப் பேருந்து ஓட்டுகிறார். நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்து வாசலில்தான் அவருடைய பஸ் நிற்கும். மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள், மாமனாருக்கு எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ராம்கியை நினைக்காத நாள் இல்லை. இவரையும் பிடித்திருக்கிறது. இரண்டும் உண்மை. எது பொய் என்று யாரும் என்னைக் கேட்காமல் இருந்தால் நல்லது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தர்ஷினியைச் சட்டப்படி தன் மகளாக ஏற்றுக்கொள்ள இளவழகன் விரும்புகிறார். வக்கீலைப் பார்த்தோம். அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, "இறந்தவருடைய பெற்றோர் இருக்கிறார்களா? குழந்தையை விசாரிக்கிறார்களா?" அத்தை தவறிப்போய்ப் பத்து வருடம் ஆகிறது, மாமா இருக்கிறார் என்றேன். விசாரிக்கிறாரா என்றதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்த அம்மா சொன்ன வரையில் இரண்டு வழி இருக்கிறது. நீங்கள் அக்கறை இல்லாதவர் என்று நான் எழுதிக்கொடுத்துவிட்டால், தர்ஷினி முழுக்க முழுக்கக் கிளெமான் வீட்டுப் பிள்ளையாகிவிடுவாள். பழைய உறவு, பழைய பெயர் எதுவும் காகிதத்தில் இருக்காது. அக்கறை இருக்கிறது என்று காட்டினால் இன்னொரு வழி. உறவு அப்படியே இருக்கும், புதிய பெயர் சேரும்.

முதல் வழி எனக்குச் சுலபம். ஆனால் எனக்கு அது வேண்டாம் மாமா. குழந்தைக்குத் தாத்தா வேண்டும். உங்கள் கையால் நாலு வரி எழுதி அனுப்புங்கள், போதும்.

இப்படிக்கு,
அனுராதா


கீழ்வேளூர்
27.9.2025

அனுராதாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. கிழிக்கலாம் என்று எடுத்தேன், உள்ளே குழந்தை படம் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பிரித்தேன். படம் இல்லை. ஒரு படம் வைத்தால் தபால் செலவு ஏறிவிடுமா உனக்கு?

நான் அக்கறை இல்லாதவனா? யார் அந்த வக்கீல்? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஜெயபாரதி திருவாரூரிலிருந்து வருகிறாள். அண்ணன் மகளோடு போனில் முகம் பார்த்துப் பேசுகிறாள். அந்த முக்கால் மணி நேரமும் நான் கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். குழந்தைக்கு மேல்வரிசையில் முன்பல் இரண்டு விழுந்திருக்கிறது, அதிலிருந்து "அத்தை" என்பது காற்றாக வருகிறது. தயிர்ச் சாதம் பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரும் பெண் கிள்ளுகிறாள். இதெல்லாம் அக்கறை இல்லாதவனுக்கு எப்படித் தெரியும் என்று கேள் உன் வக்கீலை.

"முன்னாடி வந்து பேசித் தொலைங்களேம்ப்பா" என்று ஜெயபாரதி வரும்போதெல்லாம் சண்டை போடுகிறாள். எந்த முகத்தோடு வருவது? குழந்தை உன்னிடம் ஓடி வந்து "தாத்தா வந்தாரு" என்று சொல்லும். அப்புறம் நீ வந்து நிற்பாய். நான் என்ன பேசுவேன்?

நீ கல்யாணம் செய்துகொள்வதைத் தடுக்க நான் யார்? முப்பத்தைந்து வயது உனக்கு. எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனாலும் வேண்டாம் என்று வாயால் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பெயர்! கிளெமான்! காரைக்கால் இங்கிருந்து கூப்பிடு தூரம். பிறந்ததிலிருந்து அங்கே போய் வந்துகொண்டிருக்கிறேன், தமிழனுக்கு இப்படி ஒரு பெயரா? அப்பன் வைத்த பெயர் இளவழகன், அது சரி. பின்னால் தொங்குவது என்ன? வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்கள் ஆனவர்களா? இல்லை என்றால் எந்த ஆளுங்க? விசாரித்தாயா, இல்லை பஸ்ஸில் ஏறினோம், போனோம் என்று முடித்துவிட்டாயா?

ராம்கியை எரித்தபோது என்னைக் கேட்கவில்லை. அநாதைப் பிணம் மாதிரி எரித்தீர்கள். ஒரு சொம்புச் சாம்பல் வந்தது, பூம்புகாரில் நான் ஒருவனே இறங்கிக் கரைத்தேன். இப்போது அவன் பிள்ளையின் பெயரை மாற்றுவதற்கு மட்டும் என் கையெழுத்து வேண்டுமாக்கும்.

தண்ணீர் இந்த வருடமும் கடைமடைக்குத் தாமதமாகத்தான் வந்தது. சம்பா விதைத்துவிட்டேன்.

குழந்தை இப்போது என்ன உயரம்? எழுது.

வைத்தியலிங்கம்


சார்செல்
16 அக்டோபர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

மூன்று படங்கள் வைத்திருக்கிறேன். உயரம் ஒரு மீட்டர் இருபத்தொரு செண்டிமீட்டர். பல் முளைக்கத் தொடங்கிவிட்டது. கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்காருவதாக நீங்கள் எழுதியிருந்த இடம் வந்ததும் நான் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து படிக்க அரை மணி ஆயிற்று. உங்கள் கடிதத்தை அப்படியே மொழிபெயர்த்து வக்கீலிடம் கொடுத்தேன், அவரைத் திட்டிய வரிகள் உட்பட. சிரித்தார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்றார்.

சாம்பல் விஷயம். அன்றைக்கு அவர்கள் என்னையும் பார்க்க விடவில்லை மாமா. கொரோனா ஊரடங்கு. இரண்டு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் கம்பிக்கு வெளியே நின்றேன். இதைச் சொல்லக்கூட விடாமல் நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள்.

இனி உங்கள் கேள்வி. கிளெமான் என்பது பழைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, கிளெமென்ஸ். கடுமை காட்டாத, இளகிய, இதமான என்று பொருள். இங்கே அதை இப்போதும் வழங்குகிறார்கள், ஆனால் இரண்டே இடத்தில். டிவியில் வானிலை சொல்பவர் "இந்த வருடம் குளிர் கிளெமானாக இருக்கும்" என்பார், ஆளைக் கொல்லாது என்று அர்த்தம். இன்னொன்று கோர்ட்டில். தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதும் அதே சொல்லின் பிள்ளைதான். வீட்டில் யாரும் யாரையும் அப்படிச் சொல்வதில்லை. வானத்திடமும் நீதிபதியிடமும் மட்டும்தான் அதை எதிர்பார்க்கிறார்கள் போல.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று இளவழகன் வீட்டில் சொல்லும் கதை இது. நூற்று நாற்பது வருடங்களுக்கு முன்னால், காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த காலம். ஊர் வழக்கம், சாதி வழக்கம் எதுவும் வேண்டாம், பிரெஞ்சுச் சட்டமே போதும் என்று எழுதிக்கொடுப்பவர்கள் ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். இவருடைய பாட்டனுக்குப் பாட்டன் முத்தன் என்பவர் போய் நின்றிருக்கிறார். ஒற்றைப் பெயர் ஆள், இனிஷியல்கூடக் கிடையாது. குமாஸ்தா ஒரு பட்டியலைப் படித்திருக்கிறான். ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் கேட்டிருக்கிறார். பலசாலி, வெற்றி பெற்றவன், பெரியவன் எல்லாம் இருந்தனவாம். "அடிக்காதவன்னு ஏதாச்சும் பேர் இருக்காய்யா?" என்று கேட்டாராம். அப்படி வந்தது கிளெமான். மதம் மாறவில்லை, இன்றைக்கும் இவர்கள் வீட்டில் முருகன் படம்தான்.

எந்த ஆளுங்க என்று கேட்டீர்கள். அதை யாரும் கேட்க முடியாதபடி செய்யத்தான் அவர் அந்தப் பெயரை வாங்கினார். அதனால் நானும் கேட்கவில்லை. தெரிந்தாலும் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. கோபித்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றும் சொல்கிறேன். இங்கே ஆளைக் குடும்பப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். தர்ஷினியின் பிறப்புச் சான்றிதழில், ராம்கியின் பாஸ்போர்ட்டில் இருந்தபடி, குடும்பப் பெயர் வைத்தியலிங்கம். பள்ளிக்கூடத்தில் காலையில் வருகை எடுக்கும்போது டீச்சர் உங்கள் பெயரைத்தான் சொல்கிறார், தர்ஷினி கையைத் தூக்குகிறாள். எனக்கும் அதே பெயர்தான். வேலை செய்யும் இடத்தில் தொண்ணூறு வயதுப் பாட்டிமார் நாள் முழுக்க, "மதாம் வைத்தியலிங்கம், தண்ணீர்! மதாம் வைத்தியலிங்கம், கம்பளி!" ஐந்து வருடமாக என்னோடு பேசாத ஒருவரின் பெயரை நான் தினமும் ஐம்பது தடவை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் பதினைந்தாம் தேதி நகராட்சியில் கல்யாணம். வாழ்த்துங்கள் என்று கேட்கவில்லை. தெரியப்படுத்துகிறேன்.

அனுராதா


கீழ்வேளூர்
12.11.2025

அனுராதாவுக்கு,

மூன்று நாளாக மழை. வயல் எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. வடிகால் வெட்டிவிட ஆள் கிடைக்காமல் நானே மண்வெட்டியோடு இறங்கினேன், ஜெயபாரதி போனில் கூச்சல் போட்டாள். உங்கள் ஊர் வானம் கிளெமானாக இருக்கட்டும். எங்கள் வானத்துக்கு அந்தப் பாஷை தெரியாது.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு நடுவில் என் பெயரைச் சொன்னதும் என் பேத்தி கை தூக்குகிறாளா! டீக்கடையில் சொன்னேன். யாரும் நம்பவில்லை. "பெரியப்பா, பாரீஸ்ல ஒங்க பேரை எப்படிச் சொல்லுவாங்க?" என்று வீரமணி சிரிக்கிறான். கடிதத்தைக் காட்டினேன். வாயை மூடிக்கொண்டான்.

இதற்கெல்லாம் காரணம் நான்தான், தெரியுமா உனக்கு? 2011இல் ராம்கிக்குப் பாஸ்போர்ட் போட நான்தான் கூடப் போனேன். கம்ப்யூட்டர் சென்டரில் இருந்த பெண் "சர்நேம் என்னங்க?" என்று கேட்டாள். அவன் திருதிருவென்று விழித்தான். "வி. ராம்கி. இனிஷியலை விரிச்சுப் போடும்மா, வைத்தியலிங்கம்" என்றேன். "காலியா விடலாம்ப்பா" என்று இவன் முனகினான். "அப்பன் பேரைப் போட வெக்கமாடா?" என்று ஒரு அதட்டு அதட்டினேன். அன்றைக்கு நான் அதட்டியதால்தான் இன்றைக்கு என் பெயர் அங்கே ஒலிக்கிறது.

கிளெமான் பற்றி ராஜ்குமார் சாரிடம் கேட்டேன், இங்கே இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவர். நீ சொன்ன அர்த்தமே சொன்னார். போப்பாண்டவர்கள் சிலர் இந்தப் பெயர் வைத்துக்கொண்டார்களாம், அதையும் சொன்னார். அந்த முத்தன் கேட்ட கேள்வியைச் சொன்னேன். "அவரு யாருகிட்ட அடி வாங்கினாரோ" என்றார். காரைக்காலைச் சுற்றி நிலம் வைத்திருந்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். என் பாட்டனுக்கும் அந்தப் பக்கம் நிலம் இருந்தது. இதற்கு மேல் நானும் கேட்கவில்லை, விட்டுவிடு.

ஆனால் ஒன்று. கிளெமான் பின்னால் வந்து சேரட்டும், நான் தடுக்கவில்லை. வைத்தியலிங்கம் இருந்தாக வேண்டும். அதை எடுக்கிற பேச்சே கூடாது. எடுத்தால் கையெழுத்துக் கிடையாது.

ராம்கியின் பங்கு ஆறு மா நிலத்தைக் குழந்தை பெயருக்கு உயில் எழுதப் போகிறேன். ஜெயபாரதியும் சரி என்றுவிட்டாள். குழந்தையின் பாஸ்போர்ட் முதல் பக்கத்தை அவளுக்கு அனுப்பி வை.

இந்தக் கடிதம் வருவதற்குள் உன் கல்யாணம் முடிந்திருக்கும். கழுத்தை மூடிக் கம்பளி போட்டுக்கொள். அங்கே குளிர் என்கிறார்கள்.

வைத்தியலிங்கம்


சார்செல்
9 டிசம்பர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

கல்யாணம் முடிந்தது. பன்னிரண்டு பேர் வந்தார்கள். தர்ஷினி பட்டுப் பாவாடைக்கு மேல் குளிர் கோட்டுப் போட்டுக்கொண்டு அதைக் கழற்றவே மாட்டேன் என்று அழுதாள். பாஸ்போர்ட் பக்கம் ஜெயபாரதிக்கு அனுப்பிவிட்டேன். நிலம் பற்றி நீங்கள் எழுதியதை இளவழகனிடம் படித்துக் காட்டினேன். "ஆறு மான்னா எவ்ளோ?" என்று கேட்டார். இரண்டு ஏக்கர் என்றதும் "அவ்வளவு பெரிசா!" என்று வாயைப் பிளந்தார். இங்கே எங்கள் பால்கனியில் இரண்டு தொட்டிதான்.

பெயர் விஷயத்தில் உங்களிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது. வைத்தியலிங்கம் என்று பிரெஞ்சில் எழுத பதினான்கு எழுத்து. கிளெமானுக்கு ஏழு. இரண்டையும் சேர்த்துத் தர்ஷினி ஒரு தாளில் எழுதிப் பார்த்தாள். பரீட்சைத் தாளில் கட்டம் கட்டமாகப் போட்டிருப்பார்கள். பாதியில் கட்டம் தீர்ந்துவிட்டது. பென்சிலைத் தூக்கி எறிந்துவிட்டு, "எனக்கு மட்டும் ஏம்மா இவ்ளோ பெரிய பேரு? கிளாஸ்ல எல்லாரும் என்னை ரயிலுன்னு கூப்பிடறாங்க" என்று அழுதாள். உங்கள் பேத்தி அது. உங்களைப் போலவே கோபம் வந்தால் சாப்பிட மாட்டாள்.

பெயர்களைத் திருத்துவதென்றால் இந்தத் தீர்ப்போடு சேர்த்துத்தான் முடியும், பிறகு பெரிய அலைச்சல் என்கிறார் வக்கீல். நீங்கள் இருக்கட்டும் என்றால் இருக்கும். உங்கள் சொல்லை மீறி எடுக்க மாட்டேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து காலை ஆறரைக்கு போன் வந்தது. ஒரு பெண் குரல். "முசியே வைத்தியலிங்கம் இறந்துவிட்டார்" என்றது. ராம்கியை இங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்குத் தெரியும். ஆனாலும் தூக்கத்தில் எடுத்த போன். அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு உங்கள் முகம்தான் வந்தது. ஐயோ மாமா போய்விட்டாரே, ராம்கியிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். அதற்கு அடுத்த நொடி புரிந்துவிட்டது. புரிந்ததும், அது நீங்களாகவே இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

ஐந்து வருடமாக நீங்கள் பேசவில்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் கத்திவிட்டு வைத்த பிறகு நான் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடாததற்குக் காரணம் இதுதான். உங்கள் குரலைக் கேட்டால் வாய் தவறிச் சொல்லிவிடுவேனோ என்று பயம்.

மன்னித்துவிடுங்கள்.

அனுராதா


கீழ்வேளூர்
20.1.2026

சௌபாக்கியவதி அனுராதாவுக்கு,

பதில் போடத் தாமதம். அறுவடை. மூழ்கியது போக மிச்சம் தேறியதை மிஷின் விட்டு அறுத்தாயிற்று. ஆனால் தாமதத்துக்கு அது காரணம் இல்லை. நான்கு தடவை எழுதிக் கிழித்தேன்.

மன்னிப்பதற்கு என்ன இருக்கிறது? நீ அந்த ஒரு நொடி நினைத்ததை நான் ஐந்து வருடமாகத் தினமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். எழுபத்திரண்டு வயதுக்காரன் இங்கே காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, முப்பத்தாறு வயதுப் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டானே என்று சாமியோடு சண்டை போட்டேன். சாமி பதில் பேசாது. அதனால் உன்னோடு போட்டேன். உனக்குத்தான் வாய் இருந்தது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். பொங்கலுக்கு முன்னால் உயில் எழுத அண்ணாதுரையிடம் போனேன். சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் முப்பது வருடமாகப் பத்திரம் எழுதுகிறவன். ராம்கி இல்லை என்பது அவனுக்குத் தெரியும், ஆனால் குழந்தை பிறந்தது, பெயர் எல்லாம் தெரியாது. குழந்தையின் பாஸ்போர்ட் நகலைக் கொடுத்துவிட்டு, "இந்தப் பேருக்கு எழுது, நம்ம வீட்டுப் பொண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்தில் ஜெராக்ஸ் எடுக்கப் போனேன். திரும்பி வந்தால், எழுதியதை உரக்கப் படிக்கிறான். "கீழ்வேளூர் வைத்தியலிங்கம் மகள் தர்ஷினி, வயது ஏழு."

"மகளா? என்னய்யா எழுதியிருக்கே?" என்றேன்.

"நீங்க குடுத்த காயிதத்துல அப்படித்தான மாமா இருக்கு? தர்ஷினி வைத்தியலிங்கம். வி. தர்ஷினி. ஒங்க பொண்ணுதானே?" பிறகு விரலை விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "ஏழு வயசா? இந்த வயசுல பலே ஆளு மாமா நீங்க!" என்றான். ஆபீஸ் வாசலில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன் அனுராதா. சிரித்துக்கொண்டே அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். அவன் மேல் தப்பே இல்லை. நம் ஊரில் அந்தப் பெயரை யார் படித்தாலும் அப்படித்தான் படிப்பார்கள். நான் அப்பன், அவள் மகள். நடுவில் ஒருவன் இருந்தானே, அவன் எங்கே? தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ராம்கி என்ற மூன்றெழுத்து எங்கேயும் இல்லை. அப்படி ஒரு பிள்ளையை நான் பெறவே இல்லை என்பது போல இருந்தது.

உங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலும் என் பெயர். பள்ளிக்கூடத்திலும் என் பெயர். அவனை எரித்த இடத்தில் சீட்டு எழுதியிருப்பார்களே, அதிலும் என் பெயர்தானே முதலில் இருந்திருக்கும்? அநாதைப் பிணம் மாதிரி எரித்தாய் என்று உன்னைச் சொன்னேன். நீ வாசலிலாவது நின்றாய். அவன் பெயரை இல்லாமல் செய்தவன் நான். "காலியா விடலாம்ப்பா" என்றான். அதட்டினேன். அதைப் பெருமையாக வேறு உனக்கு எழுதியிருக்கிறேன், அந்தக் கடிதத்தைத் தயவுசெய்து வைத்திருக்காதே.

உன் வக்கீலம்மாவிடம் கேள். பெயரைத் திருத்த இது ஒன்றுதான் சமயம் என்று எழுதியிருந்தாய். வைத்தியலிங்கத்தை எடுத்துவிடச் சொல். அந்த இடத்தில் ராம்கி என்று போடச் சொல். குடும்பப் பெயராக முடியாது என்றால் குழந்தையின் சொந்தப் பெயரோடு சேர்த்துப் போடச் சொல். தர்ஷினி ராம்கி. அதன் பின்னால் கிளெமான். அந்தக் குழந்தையின் கை மூன்று பெயரைத் தாங்காது, ஒன்று போக வேண்டும் என்றால் என்னுடையது போகட்டும். நான் இருந்து பார்த்தாயிற்று.

கையெழுத்துப் போட்ட சம்மதத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். ராஜ்குமார் சார் இங்கிலீஷில் எழுதினார், நான் தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். செல்லுமா என்று பார்.

உயிலை வேறு தாளில் எழுதச் சொல்லிவிட்டேன். "ராம்கி மகள்" என்று எழுதும்போது அண்ணாதுரை தலை நிமிரவில்லை. சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டான். நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

உன் வீட்டுக்காரரிடம் நான் கேட்டதாகச் சொல். நல்ல பெயர் என்று சொல்.

வைத்தியலிங்கம்


சார்செல்
21 மே 2026

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தின் முதல் வரியையே என்னால் தாண்ட முடியவில்லை. ஆறு வருடமாக யாரும் என்னை சௌபாக்கியவதி என்று எழுதியதில்லை. என் அம்மாகூட எழுதவில்லை. நீங்கள்தான் எழுதினீர்கள்.

தமிழ்க் கையெழுத்து செல்லும் என்றார்கள். நேற்றுத் தீர்ப்பு வந்தது. சின்ன அறை, மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நீதிபதி, இந்தப் பக்கம் நாங்கள் மூவர், வக்கீல். இளவழகன் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்து மூச்சுத் திணறிக்கொண்டிருந்தார். தாத்தாவின் பெயர் ஏன் எடுக்கப்படுகிறது என்று நீதிபதி கேட்டார். வக்கீல் உங்கள் கடிதத்தின் மொழிபெயர்ப்பை எடுத்து நீட்டினார். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிவரை படித்தார்.

பிறகு தீர்ப்பை வாசித்தார். சட்டப் பிரிவு, தேதி, எண் என்று ஒரே சுருதியில் போய்க்கொண்டிருந்தது. நான் பாதிதான் கவனித்தேன். நடுவில் திடீரென்று "ராம்கி" என்று கேட்டது.

எட்டு வருடம் அவர் இந்த ஊரில் உயிரோடு இருந்தார். அந்த எட்டு வருடத்தில் எந்த ஆபீசிலும் எந்த அதிகாரியும் அவரை அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. வீட்டில் நான் மட்டும்தான் கூப்பிடுவேன். ஊருக்கு போன் போட்டால் நீங்கள் கூப்பிடுவீர்கள். நேற்றுத்தான் முதல் தடவை, கறுப்பு அங்கி போட்ட ஒரு பெண் நிறுத்தி, தெளிவாக, ஒவ்வொரு எழுத்தாக அந்தப் பெயரைச் சொன்னார்.

நான் என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன் மாமா. கதவைப் பார்த்துத் திரும்பி நின்றேன். தர்ஷினிதான் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காரும்மா," என்றாள். "என்னைத்தான் சொல்றாங்க."

அனுராதா